சோறு, பன்னீர், சீஸ்: சுகர் எகிறாமல் சாப்பிடப் பழக ஒரு வழிகாட்டி

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் ஆபீஸில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். இலவசம்தானே என்று கையை நீட்டினேன். வெறும் வயிற்றில் 164, மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 8.2. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அப்போ சோறு என்னம்மா ஆகும்?"

அதற்குப் பதில் தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறு என்றார்கள். நாலு சப்பாத்தி சாப்பிட்டு, சோறு ஏற்றியதையே சப்பாத்தியால் ஏற்றிக்கொண்டேன். கருப்புக் கவுனி வாங்கு என்றார்கள். நல்ல அரிசியாச்சே என்று இரண்டு தட்டு போட்டுக்கொண்டேன். கடைசியில், சோற்றோடு பன்னீரோ சீஸோ சேர்த்தால் சுகர் ஏறவே ஏறாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சீஸ் சாதம் என்றால் உயிர். வீட்டுக்கே ஒரே சமையலாகப் போகிறதே என்று சந்தோஷமாக அதையும் செய்து பார்த்தேன். நன்றாக ஏமாந்தது அதில்தான். அந்தக் கதை 7ஆம் படியில் வருகிறது.

இப்போது தினமும் மதியம் சோறு சாப்பிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பன்னீர், ஒரு நாள் சீஸ். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி 6.9. மாத்திரையும் உண்டு, நடையும் உண்டு. ஆகவே எல்லாப் பெருமையும் தட்டுக்கு இல்லை. ஆனால் நான் வீணாக்கிய நாலு மாதமும், சுகர் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்புக்குச் செலவழித்த காசும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள்

சோற்றின் அளவைக் குறைப்பதும் ஒரு வகையில் மருந்தின் அளவை மாற்றுவது போலத்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவு, சோறு புது அளவு என்றால் சுகர் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் சீஸோ சாக்லேட்டோ உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மாத்திரை அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருந்தால், ஆர்வத்தில் சோற்றை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் இந்த மாத்திரைகளில் உண்டு. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 (உடம்பு இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை நோய்) உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை வைத்து எதையும் மாற்ற வேண்டாம்.

2. ஒரு ஃபைல் போடுங்கள்

பத்து ரூபாய் அட்டை ஃபைல் போதும். அதில் இருக்க வேண்டியவை: ஹெச்பிஏ1சி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின், கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், ஹீமோகுளோபின். கூடவே மருத்துவரின் கடைசிச் சீட்டு.

இதில் இரண்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று கிரியேட்டினினும் சிறுநீர் அல்புமினும். பன்னீர், சீஸ், முட்டை என்று புரதத்தை ஏற்றப் போகிறோம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும். இரண்டாவது ஹீமோகுளோபின். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு ஹீமோகுளோபின் 9.8தான் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் ஹெச்பிஏ1சி எண்ணையே மருத்துவர் நம்பத் தொடங்கினார்.

செலவு: ஹெச்பிஏ1சிக்கு மட்டும் நான் 450 ரூபாய் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் 1,400 ஆனது. லேபுக்கு லேப் விலை மாறும். இரண்டு இடத்தில் கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பரிசோதனைக்குக் காசில்லை, காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். என் நாத்தனார் வீட்டுக்கு அப்படித்தான் வருகிறது.

ஹெச்பிஏ1சியை மாதாமாதம் எடுக்காதீர்கள். அது மூன்று மாதக் கதை. ஒரு மாதத்தில் எடுத்துவிட்டு ஒன்றுமே மாறவில்லையே என்று மனம் உடைவதில் அர்த்தமில்லை.

3. மூன்று பொருட்கள் வாங்குங்கள்

குளுக்கோமீட்டர், கிச்சன் தராசு, ஒரு நோட்டு.

மீட்டர் வாங்கும்போது எல்லாரும் மெஷினின் விலையைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஸ்ட்ரிப் விலையை. மெஷினை மலிவாகக் கொடுத்து ஸ்ட்ரிப்பில் பிடிப்பதுதான் அந்த வியாபாரம். 25 ஸ்ட்ரிப்போடு என் மீட்டர் 900 ரூபாய். அப்புறம் வாங்கிய 50 ஸ்ட்ரிப் டப்பா 950, அதாவது ஒரு குத்துக்கு 19 ரூபாய், ஊசி தனி. உங்கள் தெரு மெடிக்கலில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கும் என்று கேட்டு அதற்குரிய மீட்டரை வாங்குங்கள். டப்பாவின் காலாவதித் தேதியையும், திறந்த பின் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பாருங்கள். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

தராசு 400 ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்றில் எனக்கு அதிகம் உழைத்தது இதுதான்.

கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். காசிருந்தால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், ராத்திரி நடப்பதெல்லாம் படமாகத் தெரியும். இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஸ்ட்ரிப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

4. குத்தும் முறையில் வரும் கோளாறுகள்

ஒரு நாள் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 268 காட்டியது. நெஞ்சு திக்கென்றது. மறுபடி குத்தினேன், 159. என்ன நடந்தது என்றால், மகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மீட்டர் அளந்தது என் ரத்தத்தை அல்ல, விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றை.

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று விரலைக் கசக்கிப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு உதறினாலே வரும்.

இன்னொன்று: வீட்டு மீட்டரில் 100க்கு மேற்பட்ட எண்கள் 15% வரை முன்பின் இருக்கலாம், உலகத் தர அளவுகோலே அதை அனுமதிக்கிறது. உண்மை 160 என்றால் மீட்டர் 136 என்றும் காட்டலாம், 184 என்றும் காட்டலாம். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து எந்தச் சாப்பாட்டுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரே சாப்பாட்டை மூன்று நாள் அளந்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

5. சோற்றை எடை போடுங்கள்

முதல் நாள் வழக்கம்போல் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சாம்பார் ஊற்றும் முன் தராசில் வைத்தேன். தட்டின் எடை கழித்து 385 கிராம். "நான் கொஞ்சம்தான் சாப்பிடுவேன்" என்று மருத்துவரிடம் சொல்லியிருந்த அதே நான்.

கணக்கு இதுதான். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 385 கிராம் என்றால் 108 கிராம். அத்தனையும் வயிற்றில் குளுக்கோஸாக மாறும். கூட ஒரு உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் அது தனிக் கணக்கு.

நான் 150 கிராமில் நின்றேன். மாவுச்சத்து 42 கிராம். அரிசியாக அளந்தால் ஒருவருக்கு 50 கிராம். வெந்ததும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் தட்டி அளந்தால் ஒன்றரைக் கரண்டி. பத்து நாள் தராசு, அப்புறம் கண்ணே அளந்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் தராசில் சரிபாருங்கள், ஏனென்றால் கண் மெல்ல மெல்லத் தாராளமாகும்.

385இலிருந்து 150க்கு ஒரே நாளில் இறங்கினால் நாலு மணிக்குப் பசி கொல்லும். நான் 300, 220, 150 என்று மூன்று வாரத்தில் இறங்கினேன். குறைந்த இடத்தைக் காய்கறியும் பருப்பும் அடைக்க வேண்டும், வெறும் வயிறு அடைக்கக் கூடாது.

எந்த அரிசி? பச்சரிசியைவிடப் புழுங்கல் நல்லது. நெல்லாக இருக்கும்போதே அவித்து உலர்த்துவதால் அதன் மாவு இறுகி, செரிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பாசுமதியில் அமைலோஸ் என்ற வகை மாவு கூடுதல், அதுவும் பரவாயில்லை. கைக்குத்தல், மாப்பிள்ளைச் சம்பா, கவுனி இவற்றில் தவிடு இருப்பதால் நார்ச்சத்து கிடைக்கும். ஆனால் மாவுச்சத்தின் எடை எல்லா அரிசியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தினை, வரகு, சாமையும் அப்படித்தான். குழையக் குழையப் பொங்கலாக்கி இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுச் சிறுதானியத்தைக் குறை சொல்லக் கூடாது. 'சுகர் ஃப்ரீ அரிசி' என்று போட்டு விற்பதை நான் வாங்குவதில்லை. மாவுச்சத்து இல்லாத அரிசி என்று ஒன்று கிடையாது.

கஞ்சி வடித்தால் சரியாகிவிடுமா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் மாவு கஞ்சியோடு போகும், உண்மைதான். ஆனால் அது தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. குழைய விடாமல் உதிரியாக எடுப்பது அதைவிட உபயோகம்.

சோற்றை ஆற வைத்து ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால், மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறும். இதுவும் உண்மை. என் நோட்டில் பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசம் தெரிந்தது, அது மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். செய்வதானால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

6. முதலில் வெறும் சோற்று நாள்

பன்னீர், சீஸ் எல்லாம் அப்புறம். முதல் வாரம் உங்கள் வழக்கமான மதியச் சாப்பாட்டை, சோற்றை மட்டும் 150 கிராமாக வைத்துக்கொண்டு, மூன்று நாள் அளந்து பாருங்கள். சாப்பிடும் முன் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று ஸ்ட்ரிப், மூன்று நாளைக்கு 171 ரூபாய்.

நேரத்தை எப்போதிருந்து எண்ணுவது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து. லேபில் சாப்பிட்ட பின் டெஸ்ட் கொடுக்கும்போதும் இதே கணக்கு. போனில் அலாரம் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு: சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட ஆரம்பித்து ஒன்று இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். நான் இதோடு இன்னொன்றையும் பார்ப்பேன்: முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு ஏறியது. 110இலிருந்து 150க்குப் போனால் நிம்மதி. 110இலிருந்து 185 என்றால் தட்டில் ஏதோ கூடிவிட்டது.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: தேதி, 1:10க்குச் சாப்பாடு, சோறு 150, முருங்கைக்காய்ச் சாம்பார், பீன்ஸ் பொரியல் ஒரு கிண்ணம், மோர். முன் 117, ஒன்று 171, இரண்டு 146. ஓரத்தில்: 'ராத்திரி சரியாகத் தூங்கவில்லை'. அந்த ஓரக் குறிப்பை எழுதத் தவறாதீர்கள். தூக்கம் கெட்ட நாளும் காய்ச்சல் நாளும் கணக்கைக் குழப்பும்.

7. பன்னீர் சேர்க்கும் நாள், சீஸ் சேர்க்கும் நாள்

இரண்டையும் ஒரே மாதிரி எண்ணாதீர்கள்.

பன்னீர் 100 கிராமில் புரதம் 18 கிராம் போல, கொழுப்பு 20க்கு மேல், மாவுச்சத்து மிகக் கொஞ்சம். அதுவாகச் சுகரை ஏற்றாது. சோற்றின் வேகத்தைக் குறைக்கவும் செய்யும், வயிறும் நிறையும். வீட்டிலேயே செய்வதுதான் என் வழக்கம்: ஒரு லிட்டர் கொழுப்பு நிறைந்த பால், எலுமிச்சம்பழம் ஒன்று, 150 முதல் 200 கிராம் வரை பன்னீர் தேறும். கடையில் உதிரியாக வாங்கும் மலிவுப் பன்னீரில் ஸ்டார்ச் கலந்திருக்கலாம். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமாக மாறினால் மாவு இருக்கிறது. நான் ஒருமுறை இப்படிப் பார்த்தேன், கிண்ணம் முழுக்க எழுது மை போல ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் வீட்டில் பால் திரிக்க ஆரம்பித்தேன்.

ஒருவருக்கான என் பன்னீர்ச் சாதம்: 50 கிராம் பாசுமதியை உதிரியாக வடித்து ஆறவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் சீரகம், வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு. நறுக்கிய பீன்ஸ், குடைமிளகாய், முட்டைக்கோஸ் மூன்றும் சேர்ந்து 200 கிராம், கடிபடும் பதத்தில் வதங்கினால் போதும். 80 கிராம் பன்னீரைப் பொரிக்காமல் அப்படியே போட்டுப் பிரட்டி, கடைசியில் சோறு. சோளமும் உருளையும் வேண்டாம், பட்டாணி ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தட்டில் பார்த்தால் காய்க்கு நடுவே சோறு தெரிய வேண்டும். சோற்றுக்கு நடுவே காய் தெரிந்தால் அளவு தலைகீழ். எனக்கு இது மூன்று நாளும் இரண்டாம் மணி நேரத்தில் 150ஐத் தாண்டவில்லை.

சீஸ் கதை வேறு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 7:45க்கு மகளுக்குச் செய்த சீஸ் சாதத்தையே நானும் சாப்பிட்டேன். சோறு 200 கிராம், சீஸ் மூன்று ஸ்லைஸ், வெண்ணெய் ஒரு துண்டு. முன் 118. இரண்டு மணி நேரத்தில் 151. அட, வீடியோக்காரர் சொன்னது சரிதான் என்று நிம்மதியாகப் படுத்தேன். காலை வெறும் வயிற்றில் 189.

விடியற்காலையில் உடம்பே சுரக்கும் ஹார்மோன்களாலும் சுகர் ஏறும் என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே சாதம், அதே நேரம். இந்த முறை 11:45 வரை விழித்திருந்து நாலாம் மணி நேரத்திலும் குத்தினேன். 212.

விஷயம் இவ்வளவுதான். கொழுப்பு அதிகமானால் இரைப்பை மெல்லத்தான் காலியாகும். சோற்றின் மாவுச்சத்து எங்கேயும் போய்விடவில்லை, தாமதமாக வருகிறது. இரண்டாம் மணியில் நாம் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது அது இன்னும் வயிற்றில் காத்திருக்கிறது. போதாததற்கு, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் சில மணி நேரம் இன்சுலினின் வேலையும் மந்தமாகும். பீட்சா சாப்பிட்டவர்களுக்கு நடப்பதும் இதேதான். ராத்திரியில் உடம்பு மாவுச்சத்தைக் கையாளும் திறன் பொதுவாகவே குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் சீஸ் நாளுக்கு என் விதிகள் இவை. மதியம் மட்டும். சோறு 120 கிராம். சீஸ் ஒரு ஸ்லைஸ், சுமார் 20 கிராம், அதையும் துருவி மேலே தூவினால் வாசனைக்குப் போதும். வெண்ணெய், நெய், கிரீம் எதுவும் கூடாது; ஒரு நாளில் ஒரு கொழுப்புதான். கூட 200 கிராம் காயும் ஒரு அவித்த முட்டையும். ஸ்ட்ரிப் மூன்றல்ல, நாலு: நாலாம் மணி நேரத்தைத் தவறவிட்டால் சீஸை அளந்ததாகவே அர்த்தமில்லை. வாரம் ஒருமுறைதான், ஏனென்றால் பதப்படுத்திய சீஸில் உப்பு அதிகம். சுகரோடு பிரஷரும் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளத்தை அன்று தொடவே வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சீஸ் ஸ்ப்ரெட், சீஸ் சாஸ், சீஸ் பவுடர் என்று வருவதில் மால்டோடெக்ஸ்ட்ரின், ஸ்டார்ச் இருந்தால் அது சீஸ் வேஷம் போட்ட மாவு. வீட்டில் வெள்ளை சாஸ் செய்தாலும் அதில் மைதா உண்டு என்பதை மறக்காதீர்கள்.

8. எதை முதலில் வாயில் வைப்பது

காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். 2015இல் நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டைப் 2 உள்ள 11 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே சாப்பாடுதான், ரொட்டியையும் ஆரஞ்சுச் சாற்றையும் கடைசியில் கொடுத்தபோது ஒரு மணி நேர அளவு சுமார் 37% குறைந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் காசு செலவில்லாத விஷயம், என் மீட்டரிலும் தெரிந்தது.

நம் சாப்பாட்டில் எல்லாவற்றையும் பிசைந்துதானே சாப்பிடுகிறோம் என்று கேட்கலாம். நான் செய்வது: முதலில் ஒரு கிண்ணம் பொரியலைத் தனியாக, ஸ்பூனால். பன்னீர் நாளில் பாதிப் பன்னீரையும் அதோடு. பத்து நிமிடம் கழித்துத்தான் சோற்றுத் தட்டு. ஆரம்பத்தில் அத்தை, "இதென்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்றார். இப்போது அவரும் பொரியல் கிண்ணத்தை முதலில் காலி செய்கிறார், காரணம் மட்டும் சொல்வதில்லை.

சாப்பிட்டதும் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். வேகம் வேண்டாம், உட்காராமல் இருந்தால் போதும். ஆபீஸில் நான் கீழே இறங்கி சைக்கிள் ஸ்டாண்டை நாலு சுற்று சுற்றுவேன். மழை நாளில் படிக்கட்டு.

9. வெளியே சாப்பிடும்போது

ஒரு நாள் பன்னீர் ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கி வந்து, ஆராய்ச்சிக்காகத் தராசில் வைத்தேன். மொத்தம் 520 கிராம். பன்னீர்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் 38 கிராம். பெயரில் இருக்கும் பன்னீர் பெயரளவுக்குத்தான். அதையும் சோளமாவில் தோய்த்துப் பொரித்திருந்தார்கள். ஹோட்டலுக்குப் போனால் பன்னீர் டிக்காவோ பன்னீர் புர்ஜியோ தனியாகச் சொல்லி, சோற்றை ஒரு பிளேட்டாக வாங்கி மூன்று பேர் பங்கிடுங்கள். சில்லி பன்னீர், பன்னீர் 65 இரண்டும் சோளமாவுதான். பன்னீர் பட்டர் மசாலாவில் முந்திரியும் கிரீமும் சர்க்கரையும் சேரும். அதைச் சாப்பிட்ட நாளில் நாலாம் மணிக் குத்து கட்டாயம்.

கல்யாணப் பந்தியில் சோறு வரும் முன் கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் இலையில் விழுந்துவிடும். அதை முடித்துவிட்டுச் சோற்றுக்கு இலையைக் காட்டுங்கள். "கொஞ்சமா" என்று வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது. இலைக்கு மேல் கையை விரித்து வைப்பதுதான் வழி.

10. மருத்துவரிடம் போகும்போது

மூன்று மாதம் ஆனதும் ஹெச்பிஏ1சி எடுத்துக்கொண்டு போங்கள். ஃபைல், நோட்டு, மீட்டர் மூன்றும் கையில் இருக்கட்டும். மாத்திரைகளின் பெயரை நினைவில் சொல்ல முயலாமல் அட்டைகளையே எடுத்துப் போங்கள். லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் ஒரு குத்து குத்தி இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்; மீட்டரை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

நோட்டு முழுவதையும் படிக்க அவருக்கு நேரமிருக்காது. கடைசிப் பக்கத்தில் நாலே வரி எழுதிவையுங்கள்: வெறும் சோற்று நாள், பன்னீர் நாள், சீஸ் நாள், வெளிச்சாப்பாட்டு நாள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஏறியது. நான் கொண்டுபோனபோது மருத்துவர் மற்ற எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரியின் 212இல் விரலை வைத்தார். "இது என்னம்மா?" என்றார். சீஸ் சாதம் என்றேன். "ராத்திரியிலா?" என்று கேட்டுவிட்டு மாத்திரைச் சீட்டில் எதையும் மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.